கோழி நெஞ்சுக்கறி சலித்துவிட்டது: முயல், காடை, மான், கங்காரு… கொழுப்பு குறைந்த புரதத்துக்கு எதைச் சாப்பிடலாம்?

#1 திண்டுக்கல்_தண்டால்

எல்லோருக்கும் வணக்கம். வயது 27, எடை 76 கிலோ. மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். இப்போது கொழுப்பைக் குறைக்கும் கட்டம். ஒரு நாளைக்கு 120 கிராம் புரதம் என்று கணக்கு வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கோழி நெஞ்சுக்கறியுமாக ஆறு மாதம் ஓட்டிவிட்டேன். இனி முடியவில்லை. நேற்று மதியம் டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனைக்கே மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் ஜிம்மில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். மான் கறியில் 100 கிராமுக்கு 30 கிராம் புரதம், கொழுப்பே கிடையாது என்கிறார். காட்டு முயலும் உடும்பும் சாப்பிட்டால் உடம்பு இறுகும், மலைப் பக்கம் சொல்லிவைத்தால் கொண்டுவந்து தருவார்கள் என்றும் சொல்கிறார். வெளிநாட்டில் இருப்பவர்கள் கங்காரு, மான் எல்லாம் கடையில் வாங்கிச் சாப்பிடுவதை வீடியோவில் பார்க்கிறேன். இதெல்லாம் உண்மையிலேயே கோழியை விட மேலா? நம் ஊரில் கோழி தவிர கொழுப்பு குறைந்த கறி என்ன கிடைக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கொங்கு_காட்டுக்காரன்

தம்பி, மற்றதை எல்லாம் அப்புறம் பேசலாம். அந்த மலைப் பக்கம் சொல்லிவைக்கும் வேலையை மட்டும் செய்யாதே.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான், காட்டு முயல், காட்டுப்பன்றி, கௌதாரி எதையும் வேட்டையாடக் கூடாது. வேட்டையாடியவனுக்கு மட்டும்தான் தண்டனை என்று நினைக்காதே. கறியை வாங்கி வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம்தான். மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்குக் குறைந்தபட்சமே மூன்று வருடம், ஏழு வருடம் வரை போகும். வயது 27 என்கிறாய். ஒரு கிலோ கறிக்காக ஒரு வழக்கு வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது நான் கண்ணால் பார்த்தது. எங்கள் காடு மலை அடிவாரத்தில் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய் வைப்பார்கள். பழத்துக்குள்ளோ தீனிக்குள்ளோ வெடிமருந்தை வைத்து உருட்டி வைப்பது. கடித்ததும் வாய் சிதறிவிடும். பன்றி உடனே சாகாது. தாடை தொங்க ஒரு நாள், இரண்டு நாள் அலையும். அப்படி ஒன்று எங்கள் சோளக்காட்டு வரப்பில் வந்து விழுந்து கிடந்தது. ஈ மொய்த்து, வாய்ப்பக்கம் அழுகி, இன்னும் மூச்சு மட்டும் இருந்தது. அதைத்தான் அறுத்து, சுத்தம் செய்து, பையில் போட்டு "சுத்தமான காட்டுக் கறி" என்று விற்கிறார்கள். அதே அவுட்டுக்காயை யானைக்குட்டி கடித்துச் செத்த கதையும் எங்கள் பக்கம் உண்டு. விஷம் வைத்துப் பிடிப்பவனும் இருக்கிறான். உன் தட்டுக்கு வரும் கறி எந்த வகையில் செத்தது என்று உன்னால் கண்டுபிடிக்கவே முடியாது.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம் என்றது. ஆனால் சுடுவது வனத்துறை. நாமல்ல, கறிக்காகவும் அல்ல. அந்த ஆணையைக் காட்டி இப்போது கறி சட்டப்படி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

#3 நாமக்கல்_கால்நடை

கால்நடை மருத்துவர். கோழி, காடை, முயல் மூன்றிலும் வேலை பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த 30 கிராம் கணக்கைச் சரிசெய்துவிடுவோம். மான் கறியில் 30 கிராம் புரதம் என்பது சுட்ட கறியின் கணக்கு. பச்சைக் கறியில் 23 கிராம்தான். சமைக்கும்போது தண்ணீர் வற்றி 100 கிராம் பச்சைக் கறி 70, 75 கிராமாகச் சுருங்கும். அதனால் எடைக்குப் புரதம் கூடியது போலத் தெரியும். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியைச் சுட்டு நிறுத்தால் அதுவும் 31 கிராம் காட்டும். பலர் கோழியின் பச்சைக் கணக்கையும் மானின் சுட்ட கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். ஜிம்மில் சுற்றும் பாதிக் கதைகள் இப்படிப் பிறந்தவைதான்.

எல்லாவற்றையும் பச்சையாக, எலும்பு இல்லாமல், 100 கிராமுக்கு வைத்துப் பாருங்கள். கோழி நெஞ்சு 22.5 கிராம் புரதம், 2.6 கிராம் கொழுப்பு. வான்கோழி நெஞ்சு 23.7 புரதம், 1.5 கொழுப்பு. மான் 23, 2.4. காட்டுப்பன்றி 21.5, 3.3. பண்ணை முயல் 20 புரதம், 5.6 கொழுப்பு. காட்டு முயல் 21.8, 2.3. தோல் நீக்கிய காடை 21.8, 4.5. அதே காடை தோலோடு என்றால் கொழுப்பு 12 கிராமுக்கு ஏறிவிடும்.

கவனித்தீர்களா? புரதம் எங்கே போனாலும் 20க்கும் 24க்கும் நடுவில்தான் நிற்கிறது. தசை என்பது தசைதான், அது மானுடையதாக இருந்தாலும் கோழியுடையதாக இருந்தாலும். மாறுவது கொழுப்பு மட்டுமே. அந்தக் கொழுப்பிலும் விலங்கை விட எந்தப் பாகம், தோல் உண்டா இல்லையா, வாணலியில் எத்தனை கரண்டி எண்ணெய் என்பவைதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஒரு காடையில் எலும்பு போக 80, 90 கிராம் கறி தேறும். அதன் கலோரியும் கிட்டத்தட்ட அதேதான். எண்ணெயில் முக்கிப் பொரித்த காடையைச் சாப்பிட்டுவிட்டுக் கொழுப்பில்லாக் கறி சாப்பிட்டேன் என்று எழுதிவைப்பது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது.

உங்கள் 120 கிராம் கணக்கு சரிதான். கிலோவுக்கு 1.6 கிராம் என்பது தசை வளர்ப்பவருக்குப் போதுமான அளவு.

#4 நாட்டு_உடம்பு

டாக்டர் சார், மரியாதையோடு மறுக்கிறேன். எங்கள் தாத்தா காலத்தில் காட்டு முயலும் கௌதாரியும் சாப்பிட்டுத்தான் மூட்டை தூக்கினார்கள். ஓடி ஆடித் திரியும் விலங்கின் கறியும் கூண்டில் ஹார்மோன் ஊசி போட்டு 40 நாளில் வளர்த்த பிராய்லரும் ஒன்றா? எண் மட்டும் ஒன்றாக இருந்தால் போதுமா?

#5 நாமக்கல்_கால்நடை

நியாயமான கேள்வி. இரண்டாகப் பிரித்துச் சொல்கிறேன்.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுவதில்லை. ஆயிரக்கணக்கில் இருக்கும் பண்ணையில் ஒவ்வொரு கோழியையும் பிடித்து ஊசி போட ஆளும் கிடையாது, அதற்கு லாபமும் கிடையாது. அது வேகமாக வளர்வது பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததாலும் தீவனத்தாலும். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது, அது ஆன்டிபயாடிக். கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குத் தருவதை 2019இல் இந்தியா தடைசெய்தது. மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது. பண்ணை எது என்று விசாரித்து வாங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

காட்டு விலங்கின் கறி ஒருவகையில் மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புல்லும் தழையும் தின்று ஓடும் விலங்கில் மொத்தக் கொழுப்பு குறைவு, இருக்கும் கொழுப்பிலும் ஒமேகா-3 பங்கு கூடுதல். சிவப்புக் கறி என்பதால் இரும்பும் துத்தநாகமும் பி12ம் கோழி நெஞ்சை விட நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் தாத்தா மூட்டை தூக்கியது தினமும் மூட்டை தூக்கியதால். வாரம் ஒரு முறையோ, வேட்டை வாய்த்த நாளிலோ கிடைத்த முயல் கறி அதற்குக் காரணமாக இருந்திருக்க முடியாது.

உடும்பில் தனிச் சக்தி எதுவும் இல்லை. அது இடுப்பு வலிக்கு நல்லது என்பதும் நம்பிக்கைதான். கடலோர ஆந்திராவில் கழுதைக் கறி தின்றால் பலம் வரும், மூச்சு வாங்காது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கழுதை நம் உணவுச் சட்டத்தில் கறிக்கான விலங்கே அல்ல. அந்த நம்பிக்கையால் அங்கே கழுதைகள் அருகிப்போனதுதான் நடந்தது.

#6 மெல்பேர்ன்_பிரட்டல்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப 16 வருடமாக மெல்பேர்னில். கங்காரு பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். கிழமைக்கு இரண்டு முறை நாங்கள் வீட்டில் சமைக்கிறது அதுதான்.

இங்கே பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளிலேயே கங்காரு இறைச்சி இருக்கும். தென் அவுஸ்திரேலியாவில் 1980இல் மனித உணவாக விற்க அனுமதித்தார்கள், மற்ற மாநிலங்களில் 1993இல். அதற்கு முதல் நாய், பூனைகளுக்கான உணவாகத்தான் போனது. இது பண்ணையில் வளர்ப்பதில்லை, முழுக்கக் காட்டு விலங்கு. ஆனால் ஒழுங்கு இருக்கு. விமானத்தில் பறந்து எண்ணிக்கை எடுத்து, அதில் ஒரு பங்கை மட்டும் அந்த வருடத்துக்கு ஒதுக்குவார்கள். உரிமம் உள்ளவர்தான் சுடலாம், இரவில், தலையில் ஒரே வெடி. தலையில் படாத உடல் மனித உணவுக்குப் போகாது.

100 கிராமில் புரதம் 22 கிராம் அளவு, கொழுப்பு ஒன்றிலிருந்து இரண்டு கிராம், கலோரி நூறு. மாட்டிறைச்சி ஸ்டேக்கை விட மலிவு. அதனால்தான் இங்கே ஜிம் பிள்ளைகள் இதை விரும்புகிறார்கள்.

சமையலைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முதல் தடவை நான் எங்கள் ஊர் ஆட்டிறைச்சிக் கறி மாதிரி 40 நிமிடம் வேக வைத்தேன். ரப்பர். மகன் ஒரு துண்டை மென்று மென்று கடைசியில் துப்பிவிட்டான். ஃபில்லட் என்கிற எலும்பில்லாத தனி இறைச்சியில் கொழுப்பும் இல்லை, மூட்டுச் சவ்வும் இல்லை, அதால் நேரம் கூடக்கூட இறுகிக்கொண்டே போகும். இப்ப செய்கிறது இப்படி: இறைச்சியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணித்தியாலம் வெளியில் வைப்பேன். நிறம் கிட்டத்தட்ட ஈரல் மாதிரிக் கருஞ்சிவப்பு, தொட்டால் கைக்கு எண்ணெய்ப் பிசுக்கே வராது. மேலே இருக்கும் வெள்ளைச் சவ்வைக் கத்தியால் வழித்து எடுத்துவிடுவேன். மிளகு, பெருஞ்சீரகத்தூள், உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் எல்லாம் இறைச்சியில் பூசுவேன், தாச்சியில் எண்ணெய் விடுவதில்லை. தாச்சி புகைய வேண்டும். ஒரு பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் மூன்று நிமிடம். இறக்கி மூடி ஐந்து நிமிடம் விட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக, சாறோடு இருக்கும். பிறகு வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி அதோடு பிரட்டினால் சரி. உறைப்பு வேண்டுமென்றால் கட்டைத்தூள் ஒரு சிட்டிகை.

வால் மட்டும் விதிவிலக்கு. அதில் சவ்வு நிறைய, மணிக்கணக்கில் வேக விடலாம். பழங்குடி மக்கள் நெருப்புத் தணலில் புதைத்து வேக வைக்கும் பாகமும் அதுதான்.

#7 சிந்தாதிரிப்பேட்டை_ரஹ்மான்

மெல்பேர்ன் அண்ணா, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே சாப்பிடுவது பாதுகாப்பா? என் மனைவி கர்ப்பமாக இருக்கிறார், அடுத்த மாதம் பெர்த் போகிறோம். இன்னொன்று, தாயின் பையில் குட்டி இருந்தால் என்ன செய்வார்கள்?

#8 மெல்பேர்ன்_பிரட்டல்

தம்பி, முதலில் வாழ்த்துகள். கங்காருவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்பமாக இருப்பவர் பாதி வெந்த கங்காருவைத் தொடவே கூடாது, அது சிசுவைப் பாதிக்கும். முழுக்க வேக வைத்தால் ஆபத்தில்லை, ஆனால் அப்படி வேக வைத்தால் ரசித்துச் சாப்பிட முடியாது. அந்த ஒன்பது மாதமும் விட்டுவிடுவது நல்லது. பச்சை இறைச்சியை வெட்டுகிறதும் நீங்கள் செய்யுங்கோ. மற்றவர்களுக்கு, நன்றாக உறைய வைத்த இறைச்சியில் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

குட்டி விஷயம் எனக்கும் நெஞ்சை உறுத்துவதுதான். தாயைச் சுட்டால் பையில் இருக்கும் குட்டியையும் உடனே கொல்ல வேண்டும் என்று விதி இருக்கு. அந்த விதியே கொடூரம் என்று எதிர்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர். பல நிறுவனங்கள் இப்ப ஆண் கங்காருவை மட்டும் எடுக்கின்றன. நான் வாங்கும்போது அதைக் கேட்டுத்தான் வாங்குகிறேன். கேட்டு வாங்கினாலும் அந்த உறுத்தல் முழுதாகப் போகவில்லை.

ஹலால் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: இது துப்பாக்கியால் சுட்டு எடுக்கிறது, அறுத்து எடுக்கிறது இல்லை. உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கோ.

#9 பெருந்துறை_75

ஈமு பற்றி யாரும் எழுதவில்லையே. நான் எழுதியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தோம்.

2012இல் ஈரோடு மாவட்டத்தில் ஈமு நிறுவனங்கள் கவிழ்ந்தது எல்லோருக்கும் தெரியும். அப்பா நிலத்தின் மேல் கடன் வாங்கிப் போட்டிருந்தார். எந்த நிறுவனம் என்று எழுத விரும்பவில்லை. குஞ்சும் தீவனமும் அவர்கள் தருவார்கள், மாதாமாதம் பணம் வரும், பெரிய பறவையை அவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. ஒரு நாள் தீவன வண்டி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஆள் உயரப் பறவைகள் பசியில் கம்பிவேலியைக் கொத்திக்கொண்டு நின்றன. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அம்மா முட்டைக்கோஸ் இலை, சோளத்தட்டு எல்லாம் வெட்டிப் போட்டுப் பார்த்தார். போதவில்லை.

கடைசியில் தெரிந்த கறிக்கடைக்காரரை அழைத்து வந்து ஒன்றை அறுத்தோம். அப்போதுதான் அந்த உடம்பைப் பார்த்தேன். முதுகின் மேல் மெத்தை போல ஒரே பாளமாகக் கொழுப்பு. அதைக் கையாலேயே உரித்து எடுத்து ஒரு குண்டான் நிறைய வைத்தார். ஈமு எண்ணெய் எடுப்பது அதில்தான். அதை எடுத்த பிறகு கீழே இருந்த தொடைக்கறியில் ஒரு வெள்ளைக் கோடுகூடக் கிடையாது. பறவைக் கறி என்றால் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன், இது மாட்டுக்கறி நிறம். சுவையும் கோழியை விட ஆட்டுக்குத்தான் நெருக்கம். கொழுப்பு குறைந்த புரதம் என்று அந்த நிறுவனங்கள் விளம்பரம் செய்ததில் பொய் இல்லை. அதை வாங்கிச் சாப்பிட இங்கே ஆளே இல்லை என்பதைத்தான் மறைத்தார்கள்.

அதனால் தம்பிக்கு ஒன்று சொல்வேன். யாராவது புதுவகைக் கறி, புரதச் சுரங்கம், பண்ணை போடு என்று வந்தால், இன்று இந்த ஊரில் இதை எந்தக் கடையில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று முதலில் கேள்.

#10 கிள்ளான்_பளுதூக்கி

மலேசியாவிலிருந்து. எங்கள் பக்கம் தோட்டத்துத் தமிழர்களிடம் காட்டுப்பன்றிக் கறி பேர்போனது. ரப்பர் தோட்டம், செம்பனைத் தோட்டம் எல்லாம் பன்றி வந்து கிளறும் இடம், அதனால் அந்தப் பழக்கம். இங்கே வனவிலங்குத் துறையின் உரிமம் இருந்தால் வேட்டையாடலாம்.

பச்சைக் கறிக்கு டாக்டர் சொன்ன 3.3 கிராம் கொழுப்பு கணக்கு சரிதான், ஆனால் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. தோலும் அதன் கீழே உள்ள கொழுப்பும் சேர்த்துத்தான் வெட்டுவார்கள். அது இல்லாமல் ருசி இல்லை என்பார்கள். மசாலா போட்டு வற்றவைத்து இறக்கினால் மேலே ஒரு விரல் எண்ணெய் நிற்கும். உடம்புக் கொழுப்பைக் குறைக்கும் கட்டிங் சமயத்தில் நான் தொடுவதில்லை, தீபாவளிக்குச் சாப்பிடுவேன். நன்றாக வேக வேண்டும், காட்டுப்பன்றியில் டிரிக்கினெல்லா புழு வரும். உறைய வைத்தால் செத்துவிடும் என்று நம்பக் கூடாது, காட்டு விலங்கில் இருக்கும் சில வகைகள் குளிரையும் தாங்கும். உள்ளே 71 டிகிரி போக வேண்டும், இளஞ்சிவப்பு எல்லாம் இதில் கிடையாது. 1998, 99இல் நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளில் நிப்பா வந்ததைப் பார்த்த நாடு இது, விலங்கிலிருந்து என்ன வரும் என்ற பயம் எங்களுக்கு இன்னும் போகவில்லை.

#11 நாமக்கல்_கால்நடை

கிள்ளான் நண்பர் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். தசை வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

மத்தியதரைக்கடல் பகுதியில் வலசை போகும் காட்டுக் காடையைப் பிடித்துத் தின்பார்கள். சில பருவத்தில், சில இடத்தில் அந்தக் காடையைத் தின்றவர்களுக்குத் தசை சிதைந்துவிடும். கடுமையான தசை வலி வந்து, சிறுநீர் கருத்து, சிறுநீரகமே நின்றுபோகிற அளவுக்குப் போனவர்கள் உண்டு. கிரேக்கத் தீவுகளில் பதிவாகியிருக்கிறது. காடை தின்ற ஏதோ நச்சு விதைதான் காரணம் என்று கருதுகிறார்கள். தசை வேண்டும் என்று சாப்பிடும் கறி தசையையே தின்றுவிடுகிறது. பண்ணைக் காடைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது ஜப்பானியக் காடை, தின்பது கம்பெனித் தீவனம். நம் நந்தனம் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய நந்தனம் காடையும் அந்த வகைதான். ஐந்து வாரத்தில் 200 கிராம் எடை வந்துவிடும்.

அப்புறம், கொழுப்பே இல்லாத கறியை மட்டும் தின்று வாழலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வட துருவப் பக்கம் குளிர்காலத்தில் மெலிந்த முயலை மட்டுமே தின்று பிழைத்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு, தலைவலி, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி எல்லாம் வந்தது. அதற்கு முயல் பட்டினி என்றே பெயர். வயிறு நிறைய முயல் இருக்கும், உடம்பு பட்டினி கிடக்கும். புரதத்திலிருந்து வரும் நைட்ரஜனைக் கழிக்கக் கல்லீரலுக்கு ஓர் எல்லை உண்டு. மொத்தக் கலோரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதத்திலிருந்தே வரவேண்டும் என்று போனால் சிக்கல்தான். சோறு, பருப்பு, கொஞ்சம் நல்லெண்ணெய், ஒரு பிடி நிலக்கடலை எல்லாம் தட்டில் இருக்கட்டும்.

#12 அடுப்படி_அக்கா

தம்பி, எல்லோரும் காட்டையும் கடலையும் தாண்டிப் போய்விட்டார்கள். நான் உன் தெருமுனைக் கறிக்கடைக்கு வருகிறேன்.

வெள்ளாட்டுக் கறியைப் பார்த்து ஏன் பயப்படுகிறாய்? வெள்ளாடு கொழுப்பைப் பெரும்பாலும் வயிற்றுக்குள், குடலைச் சுற்றித்தான் சேர்க்கும். தசைக்குள் அதிகம் விடாது. தொடைக்கறியில் கண்ணுக்குத் தெரியும் கொழுப்பை எடுத்துவிட்டால் 100 கிராமுக்கு 20.6 கிராம் புரதம், 2.3 கிராம் கொழுப்பு. நீ தேடும் மானுக்கும் அதற்கும் கொழுப்பில் வித்தியாசமே கிடையாது. செம்மறி அப்படி இல்லை, அதனால் வெள்ளாடா என்று கேட்டு வாங்கு. "கொழுப்பு வேண்டாம், சந்துத் தொடையில் தனிக்கறி போடுங்க" என்று சொன்னால் போதும். கடைக்காரர் எடை கூட்ட ஒரு துண்டுக் கொழுப்பை எறிவார், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடு.

இன்னொன்று சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரல். கையளவு, கருஞ்சிவப்பாக, நாக்கு மாதிரி இருக்கும். எங்கள் அம்மா பிள்ளை பெற்றவளுக்கும் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் தவறாமல் சமைத்துக் கொடுப்பார். இரும்புச்சத்து அவ்வளவு இருக்கிறது, புரதம் 17 கிராம், கொழுப்பு 3 கிராம். கழுவி, மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மிளகு, சீரகம், உப்புத் தடவி, தோசைக்கல்லில் சின்ன வெங்காயத்தோடு போட்டால் ஏழெட்டு நிமிடம். ஈரலும் நல்லதுதான், ஆனால் தினமும் வேண்டாம். வைட்டமின் ஏ மிக அதிகம், வாரம் ஒரு நாள் போதும். யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பவர்கள் உள்ளுறுப்பு எதையும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

முயலும் உனக்குப் பக்கம்தான். கொடைக்கானல் மேலே மன்னவனூரில் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்று கறி முயல் வளர்த்துப் பண்ணைக்காரர்களுக்குக் குட்டி கொடுக்கிறார்கள். அவர்களிடம் வாங்கி வளர்ப்பவர்கள் உன் மாவட்டத்திலேயே இருப்பார்கள். வளர்ப்பு முயலுக்குச் சட்டத்தில் தடை இல்லை. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ வரும், உரித்தால் பாதி. கறி இளஞ்சிவப்பு, வாசனையே இருக்காது, கோழியை விட மெல்லிய நார். டாக்டர் சொன்ன 5.6 கிராம் கொழுப்பில் பெரும்பகுதி சிறுநீரகத்தைச் சுற்றியும் தோள்பட்டைக்கு நடுவிலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சமைக்கும் முன் கிள்ளி எடுத்துவிட்டால் நெஞ்சுக்கறி அளவுக்கு வந்துவிடும். இதற்கு எண்ணெய் ஊற்றி வறுவல் செய்யாதே. மிளகு, பூண்டு, இஞ்சி தட்டிப் போட்டு, மண்சட்டியில் மூடி, அதன் தண்ணீரிலேயே வேகவிடு. கடைசியில் கறிவேப்பிலையும் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயும்.

#13 நாட்டு_உடம்பு

அக்கா, சுவரொட்டி எங்கள் வீட்டிலும் உண்டு, மறந்தே போயிருந்தேன். டாக்டர், ஹார்மோன் விஷயம் இத்தனை நாள் நான் ஜிம்மில் எல்லோரிடமும் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்திக்கொள்கிறேன்.

#14 திண்டுக்கல்_தண்டால்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

மலைப் பக்கம் சொல்லிவைக்கவில்லை. கொங்கு அண்ணன் எழுதிய அந்தப் பன்றியை ஜிம் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, அதன் பிறகு மான் பேச்சை எடுக்கவும் இல்லை.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு முயல் பண்ணை கிடைத்தது. ஒன்று வாங்கி வந்தோம், 2 கிலோ 100 கிராம். உரித்ததும் ஒரு கிலோ 80 கிராம், எலும்போடு. அக்கா சொன்ன இடத்தில் பார்த்தேன், சிறுநீரகத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. கிள்ளி எடுத்து நிறுத்தேன், 35 கிராம். அந்த ஒரு வேலையில் 300 கலோரிக்கு மேல் போய்விட்டது. அம்மா முயலை வீட்டுக்குள் சமைக்க விடமாட்டேன் என்றார், அதனால் மாடியில் அடுப்பு வைத்து மண்சட்டியில் நானே செய்தேன். வாசனை வந்ததும் அவரே மேலே வந்து உப்புப் பார்த்தார். சாப்பிடவில்லை, ஆனால் மிளகு போதாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது வாரம்: இரண்டு நாள் வெள்ளாட்டுத் தனிக்கறி, ஒரு நாள் முயலோ தோல் உரித்த காடையோ, மூன்று நாள் கோழி. ஆறு நாளும் கோழி இல்லை என்பதாலேயே அந்த மூன்று நாளும் இறங்குகிறது. பணக்கணக்கில் வெள்ளாடுதான் இடிக்கிறது, அளவைக் குறைத்து மீதிக்கு முட்டை வைத்துக்கொள்கிறேன். சுவரொட்டிக்கு இரண்டு ஞாயிறு போனேன், இரண்டு முறையும் தீர்ந்துவிட்டது என்றார்கள்.

#15 அடுப்படி_அக்கா

ஓர் ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான் தம்பி. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் போனால் கிடைக்காது. சனிக்கிழமை சாயங்காலமே கடைக்காரரிடம் சொல்லிவை, காலை ஐந்தரைக்குப் போய் நில். அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு கேள்.